நாலு விரல் இடைவெளி

பயத்தின் விலை நாளொன்றுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். சாப்பாடும் பேட்டாவும் தனி.

இருபத்தோரு வருடமாக அவன் விற்கிற சரக்கு அதுதான். தொலைக்காட்சித் தொடர்களில் கதவை உதைத்துக்கொண்டு நுழைகிறவன். கதாநாயகியின் அப்பாவைச் சட்டையோடு தூக்குகிறவன். பெரிய வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நின்று, விளம்பரம் வருவதற்கு முன்னால் ஒரு முறை முறைக்கிறவன். முறைப்புக்குத் தனி விலை கிடையாது. அறைக்கும்தான். எல்லாம் நாள் கூலியில் அடக்கம்.

இன்று முதல் தடவையாக இலவசமாகக் கொண்டுவந்திருந்தான்.

மருமகனின் பெயின்ட் கடையில், மருமகனின் இடது கன்னத்துக்குப் பக்கத்தில், அவன் கை நின்றுகொண்டிருந்தது.

பக்கத்தில். கன்னத்தில் அல்ல.

நாலு விரல் இடைவெளி.

வீசியது என்னவோ உண்மை. தோளிலிருந்து வீசினான். காற்று கிழிகிற சத்தம்கூடக் கேட்டது. போகிற வழியில் கை தானாக நின்றுவிட்டது.

தொழில் அப்படி. அடிக்கிறவன் கை நாலு விரல் முன்னால் நிற்க வேண்டும். வாங்குகிறவர் அதே நொடியில் முகத்தைத் திருப்ப வேண்டும். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு தடவை, ஒரு நடிகையின் ஜிமிக்கியில் அவன் சுண்டுவிரல் பட்டுவிட்டது. அன்று மதியம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பரணீதரன் முகத்தைத் திருப்பவில்லை.

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று பரணீதரன் வீட்டார் கொஞ்சம் மிரண்டுதான் போனார்கள். "அதெல்லாம் டிவியிலதாங்க. நேர்ல எறும்பக்கூட மிதிக்க மாட்டாரு" என்று அவன் மனைவி சமாதானம் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். உள்ளே இருப்பது வெறும் உமி என்று கடைக்காரனே மூட்டையை அவிழ்த்துக் காட்டிய மாதிரி.

மாப்பிள்ளை அதை நன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் சங்கவி வீட்டுக்கு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே பவுடர் கொஞ்சம் கூடுதல். கல்யாணக் களை என்றாள் அவள் அம்மா. அவன் மேக்கப் நாற்காலியில் பாதி ஆயுளைக் கழித்தவன். நீலத்தை மறைக்க முதலில் ஆரஞ்சு பூச வேண்டும். அது மகளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முழுவதும் யோசித்தான்.

இன்று காலைக் காட்சி முடிந்ததும் வேஷத்தைக் கலைக்காமல் வந்தான். கன்னத்தில் ஒட்டிய தழும்பு. கழுத்தில் கறுப்புக் கயிறு. ஆளைப் பார்த்தாலே போதும், கை வைக்கத் தேவையிருக்காது என்று நினைத்தான்.

"இனிமே எம்பொண்ணு மேல கை பட்டுது..." என்று அடிவயிற்றிலிருந்து ஆரம்பித்தான்.

பிரஷ் வாங்க வந்திருந்த பெயின்டர் போனை எடுத்துவிட்டார்.

"அண்ணே, எட்டு மணி நாடகத்துல வர்ற சம்மட்டி நீங்கதானே? அதே வாய்ஸுண்ணே! ஒரு நிமிஷம், மறுபடி மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அதற்குப் பிறகுதான் கை எழுந்தது.

நின்றது.

பெயின்டர் கைதட்டினார்.

பரணீதரன் அவசரப்படவில்லை. மாமனாரின் கன்னத்தில் வியர்வைக்கு ஓரம் கிளம்பியிருந்த தழும்பை, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான்.

"கழண்டு வருது மாமா."

பெயின்டர் தோளோடு தோள் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். முறைக்கச் சொன்னார். அவன் முறைத்தான். யாராவது கேட்டால் முறைத்துவிடுவது பழக்கம்.

பெயின்டர் போனதும் பரணீதரன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"சங்கவி! ஒங்கப்பா வந்திருக்காரு பாரு. டீ கொண்டா."

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. எல்லாம் கேட்டிருக்கும்.

தம்ளரோடு வந்தாள்.

"கெளம்பும்மா. நம்ம வீட்டுக்குப் போலாம்."

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நீங்க போங்கப்பா. ஒங்களுக்கு ஷூட்டிங் இருக்கும்ல."

"சீன் நல்லா இருந்துச்சு மாமா" என்றான் பரணீதரன். "சத்தந்தான் வரல. அத நான் சேத்துக்கறேன்."

சொல்லிக்கொண்டே, மாமனாருக்கு எடுத்துக் கொடுக்கத் தம்ளரை நோக்கிக் கையை நீட்டினான்.

அவள் முகம் திரும்பியது.

சரியான நொடியில். சரியான கோணத்தில். முதலில் கழுத்து, பிறகு கண்.

தம்ளரில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவன் எத்தனையோ பெண்களோடு நடித்தவன். புதிதாக வருகிறவர்களுக்கு முகம் இத்தனை சுத்தமாகத் திரும்ப முப்பது, முப்பத்தைந்து ஒத்திகையாவது ஆகும்.

கல்யாணமாகி எட்டு மாதம்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள் வகுத்துப் பார்த்தான்.

வாரத்துக்கு ஒன்று வந்தது.

இந்த வாரம், இரண்டு.