இரண்டு பட்டியலிலும் ஒருவர்

வெள்ளம் வடிந்த மறுநாள், காணாமல் போனவர்களின் பட்டியலையும் மூன்று முகாம்களில் தங்கியிருந்தவர்களின் பட்டியல்களையும் தாலுகா அலுவலக எழுத்தர் தமயந்தி ஒரே எக்செல் கோப்பில் சேர்த்தாள். பெயரை நம்பாமல் கைபேசி எண்ணை வைத்து ஒப்பிட்டாள். தேடப்பட்டவர்களில் முப்பத்தேழு பேர் முகாம்களில் பத்திரமாக இருந்தார்கள். முகாம்களுக்கு நேரில் போய், வீட்டார் தேடுவதை ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

அவர்களில் செல்லையா மட்டும் நம்பவில்லை. “என்னைத் தேட யாரும் இல்லம்மா. அது வேற செல்லையாவா இருக்கும்.”

“பேருல தப்பு வரலாம் ஐயா. வெள்ளத்துல போன உங்க போன் நம்பர் பத்து இலக்கமும் ஒத்துப்போகுது. காணோம்னு எழுதிக் குடுத்தது உங்க மக அருள்மலர்.”

மகள் அவரோடு பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

“என் நம்பர அழிக்காமலா வெச்சிருந்தா?”

தமயந்தி அருள்மலரின் எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் கைபேசியை நீட்டினாள். செல்லையா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.