மூன்றாவது சுற்று

கண்ணாடி அறைக்குள் மூன்று பேர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் மூன்று சுற்று நேர்காணல் வைக்காவிட்டால் சோறு செரிக்காது. இரண்டு சுற்றைத் தாண்டி வந்தவன் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தான். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் மனசு விட்டுப் பேச அவனுக்கு ஒரு ஆள் இல்லை. இங்கேயாவது சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தான்.

“உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க” என்றார் நடுவில் இருந்த தாடிக்காரர்.

“நான் எழுதுன புரோகிராம் எப்படி ஓடுதுன்னு எனக்கே தெரியாது சார். என்னைக்காவது மாட்டிப்பேன்னு தினமும் பயம்.”

“பிரமாதம்!” என்று மூவரும் தலையாட்டினார்கள். “யாராவது பாராட்டுனா?”

“வேற யாரையோ சொல்றாங்கன்னு திரும்பிப் பார்ப்பேன்.”

“அடடா! கடைசிக் கேள்வி. உங்களைச் சேர்த்துப்போம்னு நினைக்கிறீங்களா?”

அவன் முகம் மலர்ந்தது. “நம்பிக்கை இருக்கு சார்!”

தாடிக்காரர் பேனாவை மூடினார். “மன்னிச்சுக்கங்க தம்பி. இது தன்னம்பிக்கை இல்லாதவங்களுக்கான சங்கம். உங்களுக்குத்தான் அது நிறைய இருக்கே!”

அவன் விடவில்லை. “அப்போ நீங்க மூணு பேரும் எப்படி உள்ள வந்தீங்க?”

“நாங்களா? நாங்க நிர்வாகிகள். எங்களுக்கு எதுக்கு அந்தச் சீக்கு?”