பெருமாள் படத்துக்குப் பின்னால்

“அந்தப் பெருமாள் படத்தைக் கழட்டுங்க.”

“சாமி படம் சார்.”

“அவருக்குப் பின்னாலதான் விரிசல் இருக்கும்.”

இருந்தது.

“பீரோவைத் தள்ளுங்க. சுவர்ல ஈரம் இருக்கும்.”

அதுவும் இருந்தது.

“இடுப்பு உயரத்துக்கு மட்டும் புது பெயின்ட். ஏரித் தண்ணி அதுவரைக்கும் வந்திருக்கு.”

சிட்லபாக்கத்துப் பழைய வீட்டை வாங்க வந்த ஜீவானந்தம் சொல்லச் சொல்ல, விற்பவரான தோத்தாத்ரிக்கு வியர்த்தது. பரிசோதிக்க ஜீவானந்தம் அழைத்து வந்த இன்ஜினியர், வேலையில்லாமல் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

“எப்படி சார் இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?”

“எல்லாம் அனுபவம்தான்.”

“விலையைக் குறைச்சுக்கறேன். பதிலுக்கு ஒரு உதவி. நாளைக்கு நாங்க ஒரு வீடு பார்க்கப் போறோம்.”

தோத்தாத்ரி நீட்டிய சீட்டில், பீர்க்கன்கரணையில் ஜீவானந்தம் புரோக்கரிடம் விற்கக் கொடுத்திருந்த தன் சொந்த வீட்டின் முகவரி இருந்தது.

“நீங்களும் கூட வந்து பார்த்துச் சொல்லணும் சார்.”