விதியை மதித்த ஒரே துறை

"ஏம்மா, நெல்லு பச்சையாத்தான் இருக்கும். அதுக்குப் போயி மெரூன் கலர் அடிக்கச் சொன்னா எப்படி?"

வேளாண்மைத் துறைத் தலைவர் உத்திராபதி இப்படிக் கேட்டதும் கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். இளவரசி சிரிக்கவில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் வருஷா வருஷம் புதுத் துறைகள் முளைக்கும். முளைத்த துறையெல்லாம் தன் இஷ்டத்துக்கு ஒரு வெப்சைட் வைத்துக்கொள்ளும். முகவரியும் ஆளுக்கு ஒன்று. பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே குடும்பம் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இளவரசியை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். அவள் ஒரு விதிப் புத்தகம் எழுதினாள். மேலே மெரூன் பட்டை, இடது மூலையில் முத்திரை, எல்லாருக்கும் ஒரே எழுத்து. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதை இணையத்திலும் போட்டு வைத்தாள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதம் கையெழுத்தாகாமல் துணைவேந்தர் முன்னால் கிடந்தது. அது கிடைக்காவிட்டால் கடலூர் செம்மண்டலத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

"சார், எல்லாத்தையும் மாத்தச் சொல்லல. மேல இருக்கறது மட்டும் ஒண்ணா இருக்கட்டும். கீழ உங்க இஷ்டம். வயலையே கொண்டாந்து வைங்க."

"மேலதாம்மா வெவகாரமே. காட்டுமன்னார்கோயில் வெவசாயி ஃபோனைத் தொறந்ததும் வீராணம் ஏரில தண்ணி எவ்ளோன்னு பாக்கணும். அந்த எடத்துல நீ வி.சி. போட்டோவ வச்சிருக்க. இவரு மூஞ்சியப் பாத்து அவன் நாத்து வுட முடியுமா?"

துணைவேந்தர் தொண்டையைச் செருமினார். வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. போட்டோ நல்லாத்தான் இருக்கு" என்றார் உத்திராபதி.

இசைத்துறைத் தலைவர் சிந்துஜா கையைத் தூக்கினார். "எங்க பக்கத்துல என்ன கொறை கண்டீங்க?"

"மேடம், அதைத் தொறந்தா நாதஸ்வரம் தானா வாசிக்குது. பஸ்ல தொறந்துட்டு நிறுத்தத் தெரியாம முழிச்சேன். பக்கத்து சீட்டு அம்மா யாருக்குக் கல்யாணம்னு கேக்கறாங்க."

"கெட்டிமேளத்துக்கு முன்னாடி எறங்கிட்டியா?" என்றார் உத்திராபதி.

துணைவேந்தர் மேசையைத் தட்டினார். "போதும். ரிஜிஸ்ட்ரார் ஏதோ புகார் விஷயமா கடலூர் போயிருக்கார். இருந்தா அவரே உங்களை ஒரு வழி பண்ணியிருப்பார். ஏம்மா, ஒரே ஒரு துறையாவது உன் புத்தகத்தை மதிச்சிருக்கா? காட்டு, கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா இந்தக் கூத்தை இன்னியோட வுட்டுடலாம்."

இளவரசி இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"இருக்கு சார். நேத்துத் தேடினப்பதான் கண்ணுல பட்டுது."

திரையில் துறைமுக மேலாண்மைத் துறையின் பக்கம் விரிந்தது. மெரூன் இம்மி பிசகவில்லை. முத்திரையைச் சுற்றி விடச் சொன்ன வெள்ளை இடத்தைக்கூட அளந்து விட்டிருந்தார்கள். உரிய இடத்தில் துணைவேந்தர் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே கப்பல், கிரேன், மாணவர்கள் என்று அவர்கள் இஷ்டத்துக்கு அழகு செய்திருந்தார்கள்.

சிரித்தவர்கள் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"இதத்தான் சார் சொன்னேன்" என்றாள் இளவரசி. "விதியும் இருக்கு, அவுங்க ரசனையும் இருக்கு."

"யாருய்யா இவன், நம்ம மானத்த வாங்கறதுக்குன்னே?" உத்திராபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "டாக்டர் செம்பியனாம். ஒரு மீட்டிங்லயும் பாத்ததில்லயே."

"வேலை செய்றவர் மீட்டிங்ல வந்து வாயடிச்சிக்கிட்டிருக்க மாட்டார்" என்றார் துணைவேந்தர். பேனாவைத் திறந்து நீட்டிப்புக் கடிதத்தை முன்னால் இழுத்தார். "முதல்ல அவரைப் பாராட்டணும். எல்லாரும் கேக்கட்டும். நம்பர் இருக்கா?"

"அடியில இருக்கு சார். புத்தகத்துல சொன்ன அதே எடத்துல."

துணைவேந்தரே தன் ஃபோனில் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு பதிவாளர் தேவசகாயம் வியர்வையோடு உள்ளே வந்தார். பேசாமல் இருக்கும்படி அவருக்குச் சைகை காட்டிவிட்டு, "ஹலோ, துறைமுக மேலாண்மைங்களா?" என்று துணைவேந்தர் கனிவாகக் கேட்டார்.

"ஆமா சார். பையனுக்கா, பொண்ணுக்கா? சீட்டு இருக்கு, ஆனா கிராக்கி ஜாஸ்தி. பணத்த இன்னிக்கே போட்டு வுட்டுடுங்க. வி.சி. என் பக்கத்துலதான் குந்தியிருக்காரு, பேசறீங்களா?"

துணைவேந்தர் பேனாவை மூடினார்.

தேவசகாயம் திரையைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். "இந்த டூப்ளிகேட் சைட்டு மேலதான் ஐயா கடலூர்ல புகார் குடுத்துட்டு வர்றேன். நம்மகிட்ட ஏது துறைமுகத் துறை?"