மரங்கொத்தியின் வணக்கம்

காட்டை வெட்டிச் சாய்த்தபோது குட்டியோடு தப்பி வந்த அணில், புதுத் தோப்பில் ஒரு பொந்தில் குடியேறியது. விடிந்ததும் மரத்தைத் தட்டி வணக்கம் சொல்வது அந்தத் தோப்பின் வழக்கம். மரங்கொத்தி தட்டினால் போதும், அணில் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும். பால் பாதியில் நின்று நின்று குட்டி இளைத்துப்போனது.

“வணக்கம் சொன்னா ஓடுறாங்க, பெரிய மகாராணி!” என்றது மைனா.

மரங்கொத்தி மட்டும் பக்கத்தில் வந்து கேட்டது. “அக்கா, நான் தட்டினா உங்களுக்கு எப்படிக் கேட்குது?”

“கோடாலி மாதிரி.”

“அப்போ இனிமே தட்டல.”

“வேண்டாம் தம்பி. இன்னும் எத்தனை மரம்தான் மாறுவேன்? நீ தட்டு. போதும்னு சொன்னா நிறுத்திடு.”

கடவுளை நினைத்துக்கொண்டு அணில் தன் குட்டியை அணைத்தது. மரங்கொத்தி மெல்லத் தட்டியது. அணில் பொந்தின் வாசலைப் பார்த்தது, ஆனால் ஓடவில்லை. குட்டி பாலை விட்டு வாயை எடுக்கவில்லை.

“இன்னொரு தடவை தட்டு” என்றது அணில்.