வேம்புவின் சூட்டுக் கோட்டு

பாண்டி பஜாரில் யாரோ பழைய சாக்கைக் கொளுத்துகிறார்கள் என்றுதான் வேம்பு நினைத்தார். மூக்கைச் சுளித்து, இந்த ஊர் உருப்படாது என்று முனகிக்கொண்டே ஜாவா மோட்டார் சைக்கிளை முறுக்கினார்.

"நைனா, நிறுத்து! முதுவு எரியிது, நீ பாட்டுக்குப் போய்க்கினு கீறியே!"

ரிக்‌ஷாக்காரர் ஒருவர் இப்படிக் கத்திய பிறகுதான், நாற்றத்துக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. கோட்டைக் கழற்றுவதற்குள் பெட்டிக்கடைக்காரர் இரண்டு கோலி சோடாவை உடைத்து அவர் முதுகில் ஊற்றிவிட்டார்.

"இன்னா சார், மெட்ராஸ் வெயிலு பத்தலியா உனுக்கு?" என்றார் ரிக்‌ஷாக்காரர். கரண்டு வைத்த கோட்டு போட்டுக்கொண்டு பாண்டி பஜாரில் சுற்றுகிற மனிதரிடம் வேறென்ன கேட்பார்?

சங்கதி இதுதான். அறுபத்தொன்பது டிசம்பரில் ஆபீஸ்காரர்கள் நாலு பேர் மோட்டார் சைக்கிளில் ஊட்டிக்குக் கிளம்பினார்கள். மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். வேம்பு குன்னூரிலேயே விரல் விறைத்து, பல் தந்தியடித்து, வண்டியை ரயிலில் பார்சல் போட்டுவிட்டுத் தானும் ரயிலேறித் திரும்பினார்.

அன்றிலிருந்து, அந்த மூன்று பேரில் ஒருவரான சூப்பரிண்டெண்ட் ராமானுஜம் அவரைக் கூப்பிடுவது 'பார்சல்' என்றுதான். ஆபீஸ் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. ஒரு நாள் பியூன் மயிலாப்பூர் வீட்டு வாசலில் வந்து நின்று "பார்சல் சார்..." என்று இழுக்க, வேம்புவின் மனைவி ஜலஜா, எதற்கோ கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்துப் பேனாவோடு வந்தாள்.

அந்தப் பெயரைத் துடைப்பதற்காகத்தான் மறு வருஷம் இந்தக் கோட்டு. பழைய இஸ்திரிப் பெட்டியின் கம்பிச் சுருளை நீட்டி, கோட்டுக்கு உள்துணியில் வரிவரியாக ஓட்டி, வண்டியின் பேட்டரியோடு இணைத்திருந்தார். நடுவில் ஒரு ஸ்விட்ச், ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு. ஸ்விட்சைப் போட்டால் பேட்டரியின் பலமெல்லாம் முதுகுக்குப் போய்விடும். ஹாரன் சளி பிடித்த கன்றுக்குட்டி மாதிரி முனகும்.

கருகிய கோட்டோடு வீட்டுக்கு வந்தவரை ஜலஜா உட்கார வைத்தாள். முதுகில் மருந்து தடவினாள்.

"இனிமே நானே தைச்சுத் தரேன்னா. ஊசி பிடிக்கற கையா இது?"

"கம்பியும் கம்பியும் தொட்டுக்கப்படாது. புரிஞ்சுதோ?"

"தொட்டுக்காது."

என்ன தன்னம்பிக்கை என்று வேம்பு வியந்தார்.

தைத்து வந்த கோட்டு அற்புதமாக இருந்தது. உள்துணியைத் தடவிப் பார்த்தார். அடடா, ரயில் தண்டவாளம் மாதிரி வரிகள்! ஸ்விட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கும் எரிந்தது. மார்கழி விடியலில் அடையாறு பாலம் வரை ஓட்டிப் பார்த்தார். முதுகு கதகதவென்று இருந்தது. திரும்பும்போது மாட வீதியில் ஹாரனை அமுக்கினார். அது போட்ட போட்டில் பஜனை கோஷ்டி தாளம் தப்பி ஓரம் கட்டியது. பேட்டரி முனைகளைத் தான் உப்புத்தாளால் தேய்த்ததன் பலன் என்று பூரித்துப்போனார்.

அந்த மாதக் கடைசியில் ஊட்டி. மற்ற மூன்று பேரும் குரங்குக் குல்லாய்க்குள் வெடவெடத்துக்கொண்டிருக்க, வேம்பு மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, "என்ன சார், புழுக்கமா இருக்கே?" என்றார். ராமானுஜத்தின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை ராமானுஜமே வீடு தேடி வந்துவிட்டார்.

"ஓய் பார்சல்! நாளைக்கு நம்ம ஆபீஸ் கிளப் ஆண்டு விழா. சீஃப் இன்ஜினீயர் வரார். உம்ம கோட்டைப் பத்திச் சொன்னேன், மனுஷர் அசந்துட்டார். மேடையில வச்சுப் பிரிச்சு, உள்ள கம்பி எப்படி ஓடறதுன்னு காட்டும். அங்கேயே மைக்கில, 'பார்சல்'ங்கற பேரை வாபஸ் வாங்கிக்கறேன். போறுமா?"

ராமானுஜத்தின் தலை தெருமுனையில் மறைந்ததும் வேம்பு உள்ளே பாய்ந்தார்.

"ஜலஜா, கத்திரிக்கோலை எடு! ஒரு ஓரத்தை இப்பவே பிரிச்சு வச்சுக்கறேன்."

"காப்பி ஆறிண்டிருக்கு."

"கத்திரிக்கோல்டி!"

"மேடையும் மைக்கும் நமக்கெதுக்குன்னா? வயித்து வலின்னு லீவு போட்டுடுங்கோ."

"ஒரு வருஷமா பியூன்கூட பார்சல்ங்கறான். நாளையோட அது தொலையப் போறது, வயித்து வலியாவது! அது கிடக்கட்டும், கம்பியை எத்தனை வரி ஓட்டினே? மேடையில கேப்பா."

"எண்ணலை."

"மிச்சம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

ஜலஜா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"நேரா பதில் சொல்லுடி!"

"முழுசும் இருக்கு. வெந்த முதுகுக்கு மருந்து தடவின கையால மறுபடியும் அந்தக் கம்பியை வச்சுத் தைக்க மனசு வரலைன்னா. ரெட்டைப் பஞ்சு வச்சு, சிவப்பு விளக்கை மட்டும் சேத்துத் தைச்சுட்டேன்."

வேம்பு கோட்டை எடுத்து உள்துணியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "பஞ்சா? அப்போ வரிவரியா கையில தட்டுப்படறதே, இதெல்லாம் என்னடி?"

"என் பாவாடை நாடா."