இறக்கிவிடாத வேட்டி

குத்தகைப் போராட்டத்தில் உள்ளே போன மாடக்கண்ணு ஜெயில் மதிலைத் தாண்டிய கட்டத்துக்கு வில்லுப்பாட்டு வந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். கோயில் கொடைக்குக் கொடை இதே பாட்டுதான். கூட்டாளி பலவேசத்தின் தோளில் ஏறி அவர் மதில் உச்சியைப் பிடிக்கிறார். 'போ அண்ணே, நான் அழலைன்னு எங்க செல்லக்கனிட்ட சொல்லு' என்று பலவேசம் கீழே நின்று வழியனுப்புகிறான். பாட்டு முடிந்ததும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாடக்கண்ணுவின் தோளில் ஊர் சார்பாகப் புது வேட்டி போர்த்தினார்கள்.

இரண்டு பஸ் மாறி வந்த ஒருத்தி அவர் எதிரே வந்து நின்றாள். "நாந்தான் செல்லக்கனி" என்றாள். அவள் புருஷன் பலவேசம் அந்த ஜெயிலிலேயே செத்து இருபது வருஷமாகிறது. அவளை அவர் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

"அவுக நெசமாவே அழலியா அண்ணாச்சி?"

அந்த வரியை வில்லுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்ததே மாடக்கண்ணுதான். அன்றைக்கு இருவர் வேட்டியையும் முடிந்து அவர் மேலே கொண்டுபோனார். உச்சியிலிருந்து அதை இறக்கிவிட்டால் பலவேசம் பிடித்து ஏறிவிடுவான் என்பது பேச்சு. விசில் கேட்டதும் வேட்டியோடு அந்தப் பக்கம் குதித்துவிட்டார். "வேட்டியப் போடுண்ணே, வேட்டியப் போடுண்ணே" என்று மதிலுக்கு உள்ளே பலவேசம் கதறிக்கொண்டே இருந்தான்.

"அழலை தாயி" என்றார் தரையைப் பார்த்தபடி.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பம் அந்த எடத்த மட்டும் இன்னொருக்கப் பாடச் சொல்லுங்க."

அவர் வில்லுக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டு எழும்பியது. அவர் தோளிலிருந்து புது வேட்டியின் நுனி நழுவிக் கீழே இறங்கியது. செல்லக்கனி குனிந்து அதைப் பிடித்து, அவர் தோளிலேயே திரும்பப் போட்டாள்.